காலையில் சாய்ந்து நிற்கும் மோட்டார்ஹோம்: ஏர் சஸ்பென்ஷன் கசிவையும் பேட்டரி இறக்கத்தையும் வரிசையாகப் பிடிக்க முழு வழிகாட்டி

இரவு மட்டமாக நிறுத்திய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் 'கடக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பலரும் புது ஏர் பேக்கும் (வண்டியின் எடையைத் தாங்கும் காற்றுப் பை) புது பேட்டரியும் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் இரண்டு தொல்லையும் திரும்ப வருகிறது.

இவை ஒன்றையொன்று கிளப்பிவிடும் கோளாறுகள். காற்று கசிந்தால் 12 வோல்ட் கம்ப்ரசர் இரவெல்லாம் ஓடி பேட்டரியைக் காலி செய்யும். பேட்டரி தாழ்ந்தால், மின்சாரத்தால் திறக்கும் சொலினாய்டு வால்வுகள் அரைகுறையாகத் திறக்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாத கோளாறையெல்லாம் காட்டும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் பேட்டரி, அடுத்து சார்ஜ், அப்புறம் மின் கசிவு, அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் தொடங்கினால் பாதி நேரம் வீண். பெரிய பஸ் வகை வண்டிகளில் எஞ்சினோடு ஓடும் கம்ப்ரசர் இருக்கும். பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் காற்று அங்கிருந்துதான். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆகவே தனியாக ஒரு 12 வோல்ட் கம்ப்ரசரும் இல்லாத வரை, இரவுக் கசிவு பேட்டரியைத் தொடாது.

இரண்டாவது வகை, வேன் சேஸியில் கட்டிய வண்டிகளில் வரும் முழு ஏர் சஸ்பென்ஷன். சொந்த மின் கம்ப்ரசர், உயர சென்சார், எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த வகை வைத்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

மூன்றாவது, லீஃப் ஸ்பிரிங்கோடு சேர்த்து வைத்த துணைப் பைகள். கையால் காற்றடிப்பதோ, ஒரு சின்ன கம்ப்ரசரோ. எளிமையானது, தேடவும் சுலபம்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். முடிந்தால் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரும், ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே பயன்படாது, வாங்கும்போது கவனியுங்கள். ஸ்பிரே பாட்டிலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர், டார்ச், அளவு டேப், மாஸ்கிங் டேப், ஒரு நோட்டு.

கண்ணாடி துடைக்கும் கிளீனரைச் சோப்புத் தண்ணீருக்குப் பதிலாக அடிக்க வேண்டாம். அதில் அமோனியா இருந்தால் பித்தளை ஃபிட்டிங்கில் நாளடைவில் விரிசல் விழும்.

வண்டியைத் தாங்க, அதன் எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகளும் சக்கரக் கட்டைகளும் வேண்டும். இவை இல்லையென்றால் பேட்டரி வேலையை மட்டும் பாருங்கள், அடியில் போகாதீர்கள்.

3. அடியில் போகும் முன்

ஏர் பேக்கில் நிற்கும் வண்டி எந்த நொடியும் இறங்கலாம். நீங்கள் தேடுவதே கசிவைத்தான், அதை மறந்துவிடக் கூடாது. ஒரு ஃபிட்டிங்கைத் தளர்த்தினால் பல டன் எடை ஒரு மூச்சில் கீழே வரும். படுத்திருப்பவர் உருண்டு வெளியேற நேரம் கிடைக்காது.

சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சேஸியில் தயாரிப்பாளர் காட்டிய இடங்களுக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். மட்டம் பார்க்கும் ஹைட்ராலிக் ஜாக்கை நம்பி அடியில் போவதைப் பலர் செய்கிறார்கள். அது வண்டியை மட்டமாக்கத்தான், ஆளைக் காக்க இல்லை. வண்டியைத் தானாக மட்டமாக்கும் ஆட்டோ லெவலிங் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்ததுமே அமைப்பு விழித்துக்கொண்டு வண்டியை ஏற்றி இறக்கலாம்.

பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் சேம்பரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் உயிரை எடுக்கும்.

4. பேட்டரியை ஓய்வில் அளவெடுங்கள்

மோட்டார்ஹோமில் இரண்டு கூட்டம் உண்டு: எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, வீட்டுப் பகுதிக்கான பேட்டரி. ஏர் கம்ப்ரசர் எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கேபிளைப் பின்தொடர்ந்தால் தெரிந்துவிடும்.

சார்ஜ் நின்ற உடனே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். தட்டுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் வோல்ட்டை உயர்த்திக் காட்டும். சில மணி நேரம் ஓய்வு விடுங்கள். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளவெடுங்கள்.

சாதாரண லெட் ஆசிட் பேட்டரி முழுதாக இருந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட். அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் தாங்கிய ஏ.ஜி.எம். வகை என்றால் 12.8-க்கு மேல். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0-க்குக் கீழே போனால் அது கிட்டத்தட்டக் காலி. இந்த நிலையில் ஏர் சஸ்பென்ஷன் காட்டும் எந்தக் கோளாறுச் செய்தியையும் நம்ப வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் செத்திருக்கிறது, அதற்கு வைத்தியம் இல்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கணக்கு எடுபடாது. முழுதாக இருக்கும்போது 13.3 வாக்கில் இருக்கும், பெரும்பகுதி காலியாகும் வரை 13-ஐ ஒட்டியே நிற்கும். அதற்குள் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல ஷன்ட் (ஓடும் மின்சாரத்தை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர்தான் வேண்டும். வோல்ட் திடீரென்று பூஜ்ஜியம் காட்டினால் பேட்டரி செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்திருக்கலாம்.

இணையாகக் கோத்த பேட்டரிகளைத் தனித்தனியாகக் கழற்றித்தான் சோதிக்க வேண்டும். சேர்ந்திருக்கும்போது எல்லாம் ஒரே வோல்ட்டைக் காட்டும், ஒரு நோஞ்சான் பேட்டரி மற்றவற்றைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது.

அடுத்து, உதவிக்கு ஒருவரை வைத்து எஞ்சினைக் கிளப்பச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். மிதமான வெப்பநிலையில் ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது சார்ஜே இல்லை. முழு சார்ஜில் திரும்பச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

5. சார்ஜ் வந்து சேர்கிறதா?

நல்ல பேட்டரியாக இருந்தும் தினமும் இறங்கினால், நிரம்பவே இல்லை என்றும் பொருள் உண்டு. சார்ஜ் வரும் வழிகள் மூன்று: ஆல்டர்னேட்டர், வெளி மின் இணைப்பில் ஓடும் சார்ஜர், சோலார். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள், சேர்த்து வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும்.

எஞ்சின் ஓடும்போது எஞ்சின் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருப்பது வழக்கம். புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வேண்டுமென்றே இதைவிடத் தாழ்த்தும். அந்த வண்டிகளில் வீட்டு பேட்டரிக்கு வோல்ட்டை உயர்த்தித் தரும் ஒரு டி.சி. டு டி.சி. சார்ஜர் இருந்தே ஆக வேண்டும், இரண்டு பேட்டரிகளை இணைக்கும் வெறும் ரிலே போதாது.

இப்போது அதே அளவை வீட்டு பேட்டரியின் முனையில் எடுங்கள். இரண்டையும் இணைக்கும் ரிலே வேலை செய்யும்போது அதன் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே வோல்ட் ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 0.2-க்கு மேல் காட்டினால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது. பழைய டயோடு வகைப் பிரிப்பான் என்றால் 0.7 வோல்ட் அதன் இயல்பான இழப்பு.

ரிலே எதிர்ப்பக்கமாகவும் கெடும். ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனால், இரவில் வீட்டு விளக்கும் விசிறியும் எஞ்சின் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்யும். எஞ்சினை அணைத்து அரை மணி கழித்து, வீட்டு விளக்குகளையெல்லாம் போட்டுவிட்டு எஞ்சின் பேட்டரி வோல்ட்டைக் கவனியுங்கள். அதுவும் கூடவே இறங்கினால் ஆள் அகப்பட்டான்.

6. இரவில் யார் தின்கிறார்கள்?

எல்லாவற்றையும் அணையுங்கள். சோலார் பேனலை மூடுங்கள் அல்லது அதன் இணைப்பைத் துண்டியுங்கள். பலர் கோட்டை விடும் இடம் இது: வெயிலில் நின்று அளந்தால் உள்ளே வரும் மின்சாரமும் வெளியே போவதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, கசிவே இல்லாததுபோல் காட்டும்.

கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டுங்கள். அது இல்லாதவர்கள் மல்டிமீட்டரை 10 ஆம்ப் துளையில் வைத்து நெகட்டிவ் கேபிளோடு தொடராக இணைக்கலாம். அப்படி இணைத்திருக்கும்போது சாவியைத் திருப்பினாலோ, மின் படிக்கட்டு இறங்கினாலோ, கம்ப்ரசர் எழுந்தாலோ மீட்டரின் ஃபியூஸ் போகும். எனவே கம்ப்ரசர் ஃபியூஸை முன்பே எடுத்துவிடுங்கள்.

அரை மணியாவது காத்திருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தூங்கப் போக நேரம் எடுக்கும்; முதல் நிமிடத்தில் தெரியும் 2, 3 ஆம்ப்பைப் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம்.

மிச்சம் நிற்கும் அளவைக் கணக்குப் போடுங்கள். 0.5 ஆம்ப் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்ப் அவர் (ஆம்ப்பை மணி நேரத்தால் பெருக்கியது); 100 ஆம்ப் அவர் பேட்டரி நான்கே நாளில் பாதியாகும். கேஸ் டிடெக்டர், ரேடியோ நினைவகம், ஃபிரிட்ஜின் போர்டு ஆகியவை கொஞ்சம் கொஞ்சம் தின்னும். உண்மையான பெருந்தீனிக்காரன் சும்மா ஆனில் கிடக்கும் இன்வெர்ட்டர். எதுவும் ஓடாமலே 1, 2 ஆம்ப் எடுக்கும் பெரிய இன்வெர்ட்டர்கள் உண்டு.

அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். மீட்டரில் எண் சட்டென்று விழும் இடத்தில் நின்று, அந்த ஃபியூஸ் எதற்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். எடுத்ததை உடனே அதே இடத்தில் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் கையில் நான்கு ஃபியூஸும் விடை தெரியாத நான்கு துளைகளும் மிஞ்சும். கேஸ் டிடெக்டர்தான் காரணம் என்று தெரிந்தால் அதைத் துண்டித்துவிட்டுத் தூங்கப் போக வேண்டாம்.

மெயின் ஸ்விட்சை அணைத்தும் பேட்டரி இறங்குகிறதே என்று குழம்புபவர்களுக்கு: சில இணைப்புகள் அந்த ஸ்விட்சைத் தாண்டி நேராக பேட்டரிக்கே போயிருக்கும். லெவலிங் கட்டுப்பாடும் அவற்றில் ஒன்றாக இருப்பது அபூர்வமல்ல.

7. கம்ப்ரசர் எத்தனை முறை எழுகிறது?

காற்றும் மின்சாரமும் சந்திக்கும் இடம் இதுதான். 20 ஆம்ப் எடுக்கும் கம்ப்ரசர் 5 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 1.7 ஆம்ப் அவர். ஒன்றுமில்லாததுபோல் தெரியும். கசிவினால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் 10 மணி நேர இரவில் 33 ஆம்ப் அவர் போய்விடும்.

ராத்திரி முழுக்கக் காது கொடுத்துக் கிடக்க வேண்டாம். 12 வோல்ட் ஹவர் மீட்டர் ஒன்றைக் கம்ப்ரசர் மோட்டாரின் முனைகளில் இணையாக மாட்டிவிட்டால், அது ஓடிய நேரத்தை மட்டும் எண்ணி வைக்கும். மாலையில் ஒரு எண், காலையில் ஒரு எண். கூடியிருந்தால் காற்றைத் தேடலாம். கூடவில்லை, ஆனாலும் பேட்டரி காலி என்றால் ஆறாவது படிக்கே திரும்புங்கள்.

8. எந்த மூலை, எவ்வளவு நேரத்தில்?

சோப்புத் தண்ணீரை எடுப்பதற்கு முன் ஒரு இரவைச் செலவழியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆட்டோ லெவலிங்கை அணைத்து, நான்கு சக்கரத்திலும் அச்சு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தரைச் சரிவும் கணக்கைக் கெடுக்கும். ஒரு மணி கழித்தும் காலையிலும் திரும்ப அளவெடுங்கள்.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கம் கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மாலை 30 டிகிரியிலிருந்து விடியற்காலை 10 டிகிரிக்கு இறங்கினால் பைக்குள் இருக்கும் காற்று சுமார் 7 சதவீதம் சுருங்கும். நான்கு மூலையும் சமமாக இறங்கி, வெயில் ஏறியதும் எழுந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரே மூலை இறங்கினால் வேலை சுலபம். முன் பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால், இரண்டு பையும் ஒரே உயர வால்வில் (வண்டியின் உயரத்துக்கு ஏற்பப் பையில் காற்றை ஏற்றி இறக்குவது) இருக்கிறதா என்று பாருங்கள். பல பெரிய வண்டிகளில் மொத்தம் மூன்றே வால்வுகள்தான், ஏதோ ஒரு அச்சின் இரண்டு பைகளும் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளும். அங்கே எந்தப் பை கசிந்தாலும் இரண்டும் இறங்கும். பின்னால் ஒரு மூலை விழுந்தால் எதிர் முன் மூலை தூக்கியதுபோல் தெரிவதும் உண்டு. அதனால்தான் நான்கையும் அளக்கச் சொல்கிறேன்.

9. டேங்க் பக்கமா, பை பக்கமா?

காற்றைச் சேமிக்கும் டேங்க் உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். வழக்கமாக 120, 130 பி.எஸ்.ஐ-யில் கம்ப்ரசர் ஏற்றுவதை நிறுத்தும். டேங்க் நிற்கிறது, பை இறங்குகிறது என்றால் குற்றவாளி பை, அதன் குழாய் அல்லது உயர வால்வு. டேங்கும் இறங்கினால் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர், தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வு, பிரேக் பக்கம் என்று பட்டியல் நீளும். டேங்க் 60, 70 வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சஸ்பென்ஷன் பக்கத்தைத் தேடுங்கள். பிரேக்குக்கான காற்றைக் காப்பாற்ற ஒரு பாதுகாப்பு வால்வு சஸ்பென்ஷனைத் துண்டித்திருக்கும்.

அமெரிக்க ஏர் பிரேக் சோதனையில் தனி வண்டிக்கு, பிரேக் விடுவித்த நிலையில் நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ வரை இழப்பு ஏற்கப்படுகிறது. 'சோதனையில் தேறிவிட்டதே' என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. அந்த வேகத்தில் கசிந்தால் ஓரிரு மணி நேரத்திலேயே டேங்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது. சாலைக்கு அது போதும், இரவுக்குப் போதாது.

10. சோப்புத் தண்ணீர்

முழு அழுத்தத்தில் தொடங்குங்கள். அழுத்தம் குறைந்த அமைப்பில் சின்னக் கசிவு குமிழியே விடாது. மேலிருந்து கீழாக, ஃபிட்டிங்குகள், பையின் மேல் தட்டு, கீழ் மடிப்பு, வால்வு என்று வரிசையாக நனையுங்கள்.

அடித்துவிட்டு உடனே நகர்ந்துவிடுவதுதான் பெரிய தவறு. பெரிய கசிவு குமிழியாக ஊதி அப்போதே உடையும், காதிலும் கேட்கும். இரவில் வண்டியை இறக்கும் கசிவு அப்படி வராது. ஃபிட்டிங்கின் கழுத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் கழித்து டார்ச் அடித்தால் வெள்ளையாக, பொடிப்பொடியான நுரை ஒரு வளையம்போல் திரண்டிருக்கும். துடைத்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். அதே இடத்தில் மறுபடி திரண்டால் சந்தேகமே வேண்டாம்.

பையை இரண்டு உயரத்தில் பார்க்க வேண்டும். ரப்பர் மடியும் இடத்தில் உள்ள விரிசல் ஓட்டும் உயரத்தில் மூடிக்கொண்டு, தூக்கும்போது மட்டும் திறக்கும், அல்லது நேர்மாறாக. மேலோட்டமான நுண்விரிசல் வயதைக் காட்டுவது. உள்ளே நூல் தெரிந்தால் பையை மாற்றியே ஆக வேண்டும்.

எதுவும் அகப்படவில்லையா? அழுத்தத்தை முழுதும் வெளியேற்றி, பைக்குப் போகும் குழாயை வால்விலிருந்து கழற்றி, அந்த முனையில் ஒரு கேஜும் அடைப்பானும் வைத்துப் பையில் காற்றடியுங்கள். கேஜ் அசையாமல் நின்றால் பையும் குழாயும் நல்லவை, வால்வுத் தொகுதிதான் காற்றை விடுகிறது. கை வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் தேவையில்லாத ஒரு பையின் விலை மிச்சம்.

11. உயர வால்வைக் குறை சொல்லும் முன்

வண்டி அசைந்ததும் வால்வு 'புஸ்' என்று கொஞ்சம் விடுவது அதன் வேலை. வால்வின் நெம்புகோல் நடுநிலையில் இருக்கும்போதும் வெளியேற்றும் துளையில் தொடர்ந்து குமிழி வந்தால்தான் கோளாறு. இணைப்புக் கம்பி வளைந்தோ, அதன் ரப்பர் புஷ் தேய்ந்தோ இருந்தால் நல்ல வால்வும் கெட்டதுபோல் நடக்கும், அதை முதலில் பாருங்கள்.

வால்வை மாற்றினால் உயரத்தைக் கண்ணளவில் வைக்காதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு வைக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் ஹெட்லைட்டின் வீச்சும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

12. கசிவை அடைப்பது

அழுத்தத்தை இறக்காமல் எதையும் கழற்றாதீர்கள். தள்ளிச் செருகும் வகை ஃபிட்டிங் கசிந்தால் பெரும்பாலும் குழாயின் முனைதான் காரணம். கீறல் விழுந்த முனையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். குழாய் கட்டர் கொண்டு நேராக வெட்ட வேண்டும். இடுக்கியால் நறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளிருக்கும் ஓ-ரிங்கில் சரியாக உட்காராது. செருக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்து, அதுவரை தள்ளி, பின்னால் இழுத்துப் பாருங்கள்.

மரையுள்ள ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றுவதைவிடப் பேஸ்ட் சீலன்ட் நல்லது. டேப்பின் துணுக்கு ஒன்று கிழிந்து போனால் நேரே சொலினாய்டு வால்வில் போய் உட்கார்ந்து, இல்லாத கசிவை உண்டாக்கும். பையில் பஞ்சர் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். பிரேக் குழாய், பிரேக் சேம்பர் பக்கம் நுரை வந்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடைத்த பிறகு டேங்கின் டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீரோ எண்ணெய்க் குழம்போ வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜின் காலம் முடிந்திருக்கிறது. அதை மாற்றாவிட்டால் வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துருப்பிடித்துக் கசியும், நீங்கள் பத்தாவது படியிலேயே குடியிருப்பீர்கள்.

கடைசியாக, எட்டாவது படியின் இரவு அளவையும் ஹவர் மீட்டர் எண்ணையும் திரும்ப எடுங்கள். நீண்ட நாள் கசிவோடு ஓடிய கம்ப்ரசர் தேய்ந்திருக்கும்; காலியிலிருந்து முழு அழுத்தத்துக்கு ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று இப்போதே நோட்டில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நேரம் கூடியிருந்தால் அதன் ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம்.